வாய் முழுக்கப் பல் கட்டும் முன்

(மூத்தோருக்கான பொதுக்கூட்டம் ஒன்றில் செயற்கைப்பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் உங்களிடம் ஒரு சின்ன வேலை வாங்கிக்கொள்கிறேன். எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டு, உதடுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் இப்போது தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? தொடக்கூடாது. நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் பல்லோடு பல் படுகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அரைமணிகூட வராது. மற்ற நேரமெல்லாம் கீழ்த்தாடையைத் தசைகள் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த உயரத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். வாய் முழுக்கப் பல் கட்ட வருகிறவர்கள் எத்தனை பல், என்ன விலை, எவ்வளவு வெள்ளை என்று கேட்கிறார்கள். எந்த உயரத்தில் என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு பல் போன இடத்தில் ஒரு பல் வைப்பது வேறு, வாய் முழுவதையும் திருத்துவது வேறு. ஒரு பல் வைக்கும்போது பக்கத்துப் பல்லும் எதிர்ப்பல்லும் எங்களுக்கு வழிகாட்டும். எவ்வளவு உயரம், எங்கே கடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். வாய் முழுவதும் சிதைந்துபோனவர்களிடம் அந்த வழிகாட்டி இருக்காது. மருத்துவர் தானே அதை உண்டாக்க வேண்டும். சிரமம் அங்கேதான் இருக்கிறது.

இந்த நிலைக்கு எப்படி வந்து சேருகிறோம்? நம் ஊரில் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுப்பட மறுக்கும். இதில் கொடுமை என்னவென்றால் வலியே இருக்காது. துலக்கும்போது கொஞ்சம் ரத்தம், வாயில் கொஞ்சம் நாற்றம், ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் முன்பற்கள் இரண்டும் விலகி நடுவில் சந்து. அதற்குள் வேரைப் பிடித்திருந்த எலும்பு பாதி கரைந்திருக்கும். இன்னொரு கூட்டம், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் அது தெரியும். நெஞ்செரிச்சலுக்குப் பல வருடம் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பல்லை உள்பக்கமாக அமிலம் கரைத்திருக்கும். பாக்கு மெல்லுகிறவர்களுக்குப் பல் தேய்வதோடு முடிவதில்லை, நாளடைவில் வாய் திறப்பதே குறைந்துபோகும். இரண்டு விரல் நுழையாத வாய்க்குள் அளவெடுக்கும் தட்டு எப்படி நுழையும்?

எல்லாவற்றையும்விட அதிகம் நான் பார்ப்பது சாதாரணமான கதை. முப்பது வயதில் ஒரு சொத்தைப் பல். 'கடைவாய்ப் பல்தானே, வெளியே தெரியாது, பிடுங்கிவிடுங்கள்' என்று பிடுங்கிக்கொண்டார். பத்து வருடத்தில் பின்னால் இருந்த பல் அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்தது. எதிரே இருந்த பல்லுக்கு முட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால் அது நீண்டு வந்தது. அவர் மறுபக்கமாகவே மென்று பழகினார், அந்தப் பக்கமும் தேய்ந்து உடைந்தது. இப்போது முன்பல்லால் மெல்லுகிறார். முன்பல் மெல்லுவதற்காகப் படைக்கப்பட்டதல்ல, அது முன்னோக்கித் தள்ளிப்போகும். ஆக, இருபத்தைந்து வருடத்தில் ஒரு பல் இருபது பல்லை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். மிகக் கடுமையாகப் பொரிந்துபோனவற்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் நிறம் கெட்டவைதான், பலம் கெட்டவையல்ல. அவற்றை மறைப்பதற்காக வாய் முழுக்கப் பல்லுறை, அதாவது கேப், போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

சரி, ஒரு மருத்துவரிடம் போகிறீர்கள். என்ன நடக்கும்? முதல் நாளில் பல்லைத் தொடும் வேலை ஒன்றும் நடக்கக்கூடாது. தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு எவ்வளவு ஆழம் பிரிந்திருக்கிறது என்று மெல்லிய அளவுகோலால் அளந்து எழுதுவது, இரண்டு தாடைக்கும் மாதிரி எடுப்பது, புகைப்படம், உங்களுடைய மருந்துச் சீட்டுகள். ஈறின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டத் தாண்ட எங்கள் முகம் மாறும். இதெல்லாம் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்த கால்மணி நேரத்தில் '28 கேப், மொத்தம் இவ்வளவு, இன்று பணம் கட்டினால் தள்ளுபடி' என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. உங்கள் வாயை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

அடுத்த சில வாரங்கள் சலிப்பாக இருக்கும். புதுப் பல் எதுவும் வராது. ஈறைச் சுத்தம் செய்வார்கள், சீழ் பிடித்ததைப் பிடுங்குவார்கள், காப்பாற்றக்கூடியதற்கு வேர் சிகிச்சை செய்வார்கள். 'சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் டாக்டர்' என்று ஒருவராவது சொல்லாத வாரம் இல்லை. எலும்பு கரைந்த இடத்தில் கல்போல் இறுகிய காரைதான் இத்தனை நாள் பல்லைச் சேர்த்துப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, புதிதாக வந்ததல்ல. மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற பயமும் இன்னும் இருக்கிறது. அதற்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பார்வை மங்குகிற வயதும் பல் பிடுங்குகிற வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த நம்பிக்கை.

சுத்தம் செய்து ஆறேழு வாரம் கழித்து ஈறை மறுபடியும் அளக்க வேண்டும். ஆழம் குறைந்து, ரத்தம் கசிவது நின்றிருந்தால்தான் மேலே போகலாம். சதுப்பில் வீடு கட்டத் தொடங்கிவிட்டு மேஸ்திரியைத் திட்டுகிறவர்கள் மாதிரி, ஈறை விட்டுவிட்டுப் பல்லைக் கட்டுகிறவர்கள் பின்னால் பல் செய்துகொடுத்த லேபைத் திட்டுவார்கள்.

இனி உயரத்துக்கு வருகிறேன். கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் போனவர்களுக்கு மூக்குக்கும் தாடைக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கும். உதடு உள்ளே மடியும், வாயோரத்தில் எச்சில் தேங்கிப் புண் வரும். விட்டமின் மாத்திரை சாப்பிட்டும் ஆறாத வாயோரப் புண்ணோடு வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்த உயரம்தான். ஆனால் தேய்ந்த பல்லெல்லாம் உயரம் குறைந்ததற்கு அடையாளம் என்று எண்ணிவிடக்கூடாது. மெதுவாகத் தேயும் பல், தேய்ந்த அளவுக்கு எலும்போடு சேர்ந்து மேலே வந்துகொண்டே இருக்கும். பல் பாதி போயிருக்கும், உயரம் அப்படியே இருக்கும். அவருக்கு எடுத்த எடுப்பில் 5 மில்லிமீட்டர் உயர்த்திப் பல் கட்டினால் ஓய்வுக்கான அந்தச் சின்ன இடைவெளி போய்விடும். பேசும்போதே பல்லோடு பல் இடித்துச் சத்தம் கேட்கும், கன்னத்துத் தசை மாலையானால் வலிக்கும், வாயை மூடவே முயற்சி தேவைப்படும்.

உயரம் தவறினால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் யாராவது வைத்திருப்பார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் வாய் உப்பி, உதடு இறுகியிருக்கும். கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் வரைந்த படத்திலிருந்து எடுத்தது அது. 1789இல் அதிபராகப் பதவியேற்றபோது அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். மரப்பல் கட்டியிருந்தார் என்று சொல்வது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயத்தகடு, இரண்டு தாடையையும் விலக்கிப் பிடிக்க உள்ளே ஸ்பிரிங் என்று ஒரு பெரிய இயந்திரமே அவர் வாயில் இருந்தது. சும்மா இருந்தாலே வாய் திறந்துகொள்ளும், அழுத்தி மூடிவைத்திருக்க வேண்டும். நாட்டை ஆண்டதைவிட அது கடினமாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

சரியான உயரம் இதுதான் என்று எந்த எக்ஸ்ரேயும் சொல்லாது, எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. முகத்தை அளந்து, தாடை மூட்டின் இருப்பைப் பதிவு செய்து, மாதிரிகளைத் தாடைபோல் அசையும் கருவியில் மாட்டி, மெழுகில் பல் செதுக்கி ஒரு உத்தேசத்துக்கு வருகிறோம். அதை ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டியது நோயாளியின் தசைகளும் மூட்டும் நாக்கும். அவற்றைக் கேட்பதற்குத்தான் தற்காலிகப் பல்.

இன்று நீங்கள் வேறெதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் நினைவில் வையுங்கள். நிலையான பல் ஒட்டுவதற்கு முன்னால், அதே உயரத்திலும் அதே வடிவத்திலும் அக்ரிலிக்கில் செய்த தற்காலிகப் பல்லோடு வாரக்கணக்கில், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம், நீங்கள் வாழ்ந்து பார்க்க வேண்டும். வெளியே தெரியாமல் ஓட்டையை மூடுகிற வேலைக்காக அதை வைக்கவில்லை. சிகிச்சையின் வெற்றி தோல்வி அந்த மாதங்களில்தான் முடிவாகிறது. அக்ரிலிக்கை அரைக்கலாம், கூட்டலாம், அரை மில்லிமீட்டர் குறைக்கலாம், ஒரு பல்லின் முனையை வளைக்கலாம். பீங்கானும் சிர்க்கோனியாவும் வந்து ஒட்டிய பிறகு அதெல்லாம் முடியாது. அரைத்தால் மெருகு போகும், வெட்டி எடுத்தால் உடையும், மறுபடி செய்ய வேண்டுமானால் மறுபடி பணம்.

அந்த மாதங்களில் நோயாளிக்கும் வேலை இருக்கிறது. காலையில் எழும்போது கன்னம் கனக்கிறதா, காதுக்கு முன்னால் மூட்டில் சத்தம் வருகிறதா, எந்தப் பக்கம் முதலில் படுகிறது, நாக்கையோ கன்னத்தையோ கடித்துக்கொள்கிறீர்களா என்று கவனியுங்கள். இட்லியோடு நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பாத்தி, வேகவைத்த கடலை, முருங்கைக்காய் என்று முன்னேறிப் பாருங்கள். தற்காலிகப் பல் உடைந்தால் கோபத்தோடு வராதீர்கள், மகிழ்ச்சியோடு வாருங்கள். ஒரே இடம் இரண்டு முறை உடைந்தால் அங்கே பாரம் அதிகம் விழுகிறது என்று அர்த்தம். அதை அக்ரிலிக் சொன்னது நல்லதாயிற்று. பீங்கான் சொல்லியிருந்தால் செலவு உங்களுடையது.

பேச்சையும் இப்போதுதான் சோதிக்க வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் வகரம் பல்லும் இதழும் சேரப் பிறக்கிறது என்றும், தகர நகரங்கள் பல்லின் அடியில் நாக்கு படிந்து பிறக்கின்றன என்றும் இருக்கிறது. எங்கள் கல்லூரிப் பாடப் புத்தகங்கள் இதையே வேறு எழுத்துகளை வைத்துச் சொல்லின. மேல்முன்பல்லின் நுனி நீளமாகிவிட்டால் வகரம் கனக்கும். பல்லின் உள்பக்கம் தடித்துவிட்டால் தகரம் குழறும். உயரம் கூடிவிட்டால் சகரம் சீட்டியடிக்கும். நான் நோயாளிகளிடம் அன்றைய செய்தித்தாளைக் கொடுத்து முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஆசிரியர்கள், வக்கீல்கள், கோயிலில் ஓதுகிறவர்கள், பாடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும். முதல் ஒரு வாரம் எல்லோருக்கும் குழறும், அது நாக்கு பழகும் காலம். மூன்று வாரம் கழித்தும் குழறினால் பல்லைத் திருத்த வேண்டும்.

கேப்புக்காகப் பல்லை அரைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வாய் முழுக்கக் கேப் போடுவதென்றால் ஒவ்வொரு பல்லின் தலைப்பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். எனாமல் மறுபடி வளராது. ஏற்கெனவே உடைந்தும் தேய்ந்தும் போன பல்லுக்கு இது நியாயம், கேப் அதைக் காக்கும். நல்ல பல்லை, வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஆணிபோல் சீவுவது வேறு விஷயம். பிரிட்டனிலிருந்து இளைஞர்கள் விமானம் ஏறித் துருக்கிக்குப் போய் ஒரே வாரத்தில் இப்படிச் செய்துகொண்டு திரும்புகிறார்கள். பிரிட்டனில் அதற்குத் துருக்கிப் பல் என்றே பெயர் வந்துவிட்டது. சிரிப்பு அழகாகத்தான் இருக்கும். இருபத்தைந்து வயதில் அரைத்த பல்லுக்கு நாற்பதில் ஒருமுறை, ஐம்பத்தைந்தில் ஒருமுறை கேப் மாற்ற வேண்டும் என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இங்கே நம்மிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது. பின்னால் கூச்சம் வரக்கூடாது என்று, கேப் போடப்போகும் எல்லாப் பல்லுக்கும் முன்கூட்டியே வேர் சிகிச்சை செய்துவிடுவது. மருத்துவருக்கு அது வசதி. பல்லுக்கு அல்ல. உயிருள்ள பல் உயிரோடு இருக்கட்டும். 'இந்தப் பல்லுக்கு ஏன் வேர் சிகிச்சை?' என்று பல் வாரியாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் வர வேண்டும்.

இப்போது இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர். இங்கே வந்திருப்பவர்களில் பலர் இதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்பவர் 1952இல் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். டைட்டானியத்தில் செய்த சிறு கருவியை முயலின் கால் எலும்பில் பதித்து, வேலை முடிந்ததும் கழற்றப் போனார். வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965இல் பிறவியிலேயே தாடைக் குறையுள்ள ஒருவருக்கு அந்த உலோகத்தில் திருகுகள் செய்து கீழ்த்தாடையில் வைத்தார். அந்த நோயாளி 2006இல் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை வாயிலேயே இருந்தன. மருத்துவ உலகம் இதை நம்புவதற்கு 1982இல் டொரன்டோவில் நடந்த மாநாடு வரை ஆயிற்று. இன்று நன்றாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளில், பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிற்கின்றன.

முழுத்தாடைக்கும் நான்கே இம்பிளாண்ட், பின்னால் உள்ள இரண்டையும் சாய்த்து வைப்பது என்ற முறையை லிஸ்பனில் பாவ்லோ மாலோ 1990களில் கொண்டுவந்தார். சாய்த்து வைப்பதால் மேலே சைனஸ் என்ற காற்றறையையும் கீழே நரம்பையும் தவிர்க்க முடிகிறது, எலும்பு ஒட்டும் வேலை பலருக்கு வேண்டியிருப்பதில்லை. நல்ல முறைதான். அதை வைத்து 'ஒரே நாளில் பல்' என்று தட்டி கட்டுகிறார்கள். அந்த ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது தற்காலிகப் பல், அக்ரிலிக். எலும்பு பிடிக்க நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், அதன் பிறகுதான் நிலையான பல். அந்த மாதங்களில் மென்மையான உணவுதான். இதைச் சொல்லாமல் பணம் வாங்குகிறவர்கள் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறார்கள். இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: நான்கு இம்பிளாண்டுக்கு இடம் வேண்டும் என்பதற்காக இன்னும் பத்து வருடம் தாங்கக்கூடிய என் பற்களைப் பிடுங்குகிறீர்களா?

இம்பிளாண்ட் சொந்தப் பல் அல்ல. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது, அதில் உணர்வு நரம்புகள். சோற்றில் ஒரு கல் அகப்பட்டால், நீங்கள் யோசிப்பதற்குள் தாடை நின்றுவிடுகிறது அல்லவா, அது அந்தப் படலத்தின் வேலை. இம்பிளாண்டில் படலம் இல்லை, எலும்போடு நேரடி ஒட்டு. உணர்வு குறைவு. அதனால் தெரியாமலே அதிக பலத்தில் கடிப்பீர்கள், பல்லில் பீங்கான் சில்லு பெயரும், சிலருக்குத் திருகு தளரும். இரவில் பல் கடிப்பவர்களுக்கு இரவில் மாட்டும் காப்புத் தட்டு கட்டாயம். இம்பிளாண்டுக்குச் சொத்தை வராது, ஆனால் அதைச் சுற்றி ஈறு நோய் வரும், எலும்பு கரையும், கடைசி வரை வலிக்காது. பல் தேய்க்காமல் பல்லை இழந்தவர் இம்பிளாண்டையும் அதே வழியில் இழப்பார். புகைபிடிப்பவர்களுக்குத் தோல்வி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எந்தப் பொருளில் செய்வது என்பதை நான் வேகமாகக் கடந்துபோகிறேன். சிர்க்கோனியா பலமானது, பின்பல்லுக்கு ஏற்றது. கண்ணாடிப் பீங்கான் அழகானது, முன்பல்லுக்கு ஏற்றது. உள்ளே உலோகம் வைத்த பழைய பீங்கான் இன்னும் நல்ல உழைப்பாளி. எது போட்டாலும் பத்து, பதினைந்து வருடத்தில் சிலவற்றையாவது மாற்ற வேண்டிவரும். நிறத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். அறுபத்தைந்து வயது முகத்தில் குளியலறை ஓடுபோல் வெள்ளைப் பல் வேண்டாம். கல்யாண போட்டோவில் பல் மட்டும் தனியாக நிற்கும்.

வாய் முழுக்க என்றால் 28 பல்லும், சிலருக்கு 32ம், கட்டியாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். நெதர்லாந்தில் கெய்சர் என்ற பேராசிரியர் 1980களில் சொன்னார்: முன்பற்களும் அவற்றுக்கு அடுத்த சிறு கடைவாய்ப் பற்களும் ஆக மேலும் கீழும் சேர்த்து 20 பல் நன்றாக இருந்தால் வயதானவர்கள் சாப்பிடவும் பேசவும் சிரிக்கவும் பெரும்பாலும் போதும். ஜப்பானில் 1989இலிருந்து '80 வயதில் 20 பல்' என்று நாடு முழுவதும் இயக்கம் நடத்தினார்கள். 2016 கணக்கெடுப்பில் அந்த வயதினரில் பாதிப்பேருக்கு மேல் அந்த இலக்கைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் யாரும் 32 கேட்கவில்லை. கடைசிக் கடைவாய்க்கு சைனஸைத் தூக்கி எலும்பு வைத்து இம்பிளாண்ட் போடுவதற்கு முன்னால், அந்தப் பல் இல்லாமல் உங்களால் எதைச் சாப்பிட முடியவில்லை என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பல் ஒன்றுமே இல்லாதவர்களுக்குப் பல்செட் கேவலமில்லை. மேல்செட் அண்ணத்தில் ஒட்டி நன்றாக உட்காரும். பிரச்சினை கீழ்செட். நாக்கு தள்ளும், கன்னம் தள்ளும், கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரையும், செட் மிதக்கும். பல்செட்டில் மெல்லும் பலம் சொந்தப் பல்லில் நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு, கரும்பு இரண்டுக்கும் விடை கொடுத்துவிட வேண்டியதுதான். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளாண்ட் வைத்து அவற்றில் பொத்தான்போல் செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். எட்டு இம்பிளாண்ட் வேண்டாம், நான்கும் வேண்டாம், இரண்டு. கழற்றிக் கழுவலாம், செலவு குறைவு, கீழ்செட் ஆடாது. இதை ஏன் உங்களிடம் அதிகம் பேர் சொல்வதில்லை என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன். செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்கள் கண்காணிப்பில் இந்த வேலைகளைச் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டும், பலமுறை நடக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

சீட்டில் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு வருகிறேன்.

'இதய நோய்க்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?' நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரும் தானாக நிறுத்தச் சொல்லக்கூடாது. பல நேரம் நிறுத்தாமலே செய்யலாம், இதய மருத்துவரிடம் எழுதிக் கேட்போம். இதோடு சேர்த்து இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் இம்பிளாண்டைத் தள்ளிப்போடுவேன். எல்லோரும் சொல்ல மறக்கிற ஒன்று: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடத்துக்கு ஓர் ஊசியோ எடுக்கும் அம்மாக்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்துகள் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும்படி செய்துவிடும்.

'ராத்திரி பல்செட்டைக் கழற்றத்தான் வேண்டுமா? வீட்டில் பேரன் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.' கழற்றத்தான் வேண்டும். ஈறுக்கு ஓய்வு வேண்டும், மாட்டியபடியே தூங்கினால் அண்ணத்தில் பூஞ்சை வரும். பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். சோப்பும் மென்மையான பிரஷும் போதும், பிறகு தண்ணீரில் போட்டு வையுங்கள். பேரன் இரண்டு நாள் பார்ப்பான், மூன்றாம் நாள் பழகிவிடுவான்.

'எல்லாம் முடிந்த பிறகு என்ன ஆவணம் கேட்டு வாங்க வேண்டும்?' நல்ல கேள்வி. எந்தக் கம்பெனி இம்பிளாண்ட், என்ன அளவு, எந்த இடத்தில் என்று எழுதிய அட்டையும், பெட்டியிலுள்ள ஸ்டிக்கரும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துத் திருகு தளரும்போது அந்த மருத்துவர் ஊரில் இல்லாமல் போகலாம். கம்பெனி தெரியாவிட்டால் பொருந்தும் திருப்புளிகூட எங்களுக்குக் கிடைக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுங்கள், பல்லுக்கு அடியிலுள்ள சந்தைச் சுத்தம் செய்யும் குட்டிப் பிரஷ் பழகுங்கள்.

கடைசிச் சீட்டு. 'மகன் அமெரிக்காவிலிருந்து மூன்று வார லீவில் வருகிறான். தானே கூட்டிப்போய், தன் செலவில் எனக்கு வாய் முழுக்கப் பல் கட்டிவிட்டுத்தான் கிளம்புவேன் என்கிறான். முடியுமா?' ஐயா, கட்டித் தருகிறவர்கள் கிடைப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். மகன் வரும்போது பரிசோதனையும் திட்டமும் முடியட்டும், கூட உட்கார்ந்து மருத்துவரிடம் கேள்விகளை அவரே கேட்கட்டும், எழுதி வாங்கட்டும். அவர் போன பிறகு ஈறும் வேர் சிகிச்சையும் நடக்கட்டும், பிறகு தற்காலிகப் பல்லோடு மூன்று மாதம் இருங்கள். வாரம் ஒருமுறை அவரிடம் போனில் பேசுவீர்கள் அல்லவா, உங்கள் பேச்சு தெளிவாகிறதா குழறுகிறதா என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நிலையான பல்லை அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளலாம். பணத்தை மட்டும் ஒரே தவணையில் கட்டிவிட்டுப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு கட்டட்டும்.